பத்து கிராம் தங்கக் கட்டி: வாங்கி ஐந்து வருடம் கழித்து, விற்றும் பார்த்த பிறகு

தங்கக் கட்டி வாங்கியவர்கள் எழுதும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை பொட்டலம் கைக்கு வந்த அன்றே எழுதப்பட்டவை. அட்டை கசங்காமல் வந்தது, சீல் சரியாக இருந்தது, எண் பொருந்தியது, ஐந்து நட்சத்திரம். 2020 ஏப்ரலில் வாங்கியபோது என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இந்தப் பொருளை நாம் வாங்குவதே ஒரு கெட்ட நாளுக்காக. அந்த நாளில் அது எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சேதத்தோடு பணமாகிறது என்பதுதான் அதன் தரம். எனக்கு அந்த நாள் போன வருடம் வந்தது. வேலை போய் நான்காவது மாதம், கையிருப்பு மூன்று மாதத்துக்குத்தான் இருந்தது, எடுத்துக்கொண்டு விற்கப் போனேன். அதனால் இது விற்றவனின் மதிப்புரை.

வாங்கியது இவை: அட்டையில் அடைத்து சீல் வைத்த 10 கிராம் கட்டி மூன்று, 1 கிராம் கட்டி பத்து. எல்லாம் 999.9 தரம் (ஆயிரத்தில் 999.9 பங்கு தங்கம்), ஒவ்வொன்றிலும் வரிசை எண், சுத்திகரிப்பாளரின் முத்திரை. வாங்கிய நேரம் மோசமான நேரம். 2020 மார்ச்சில் பங்குச் சந்தைகள் சரிந்தபோது தங்கமும் கூடவே விழுந்தது, ஒரு அவுன்ஸ் (31.1 கிராம்) 1,680 டாலர் அளவில் இருந்தது இரண்டே வாரத்தில் 1,470 பக்கம் வந்தது, ஏனென்றால் நட்டத்தை ஈடுகட்ட எல்லோரும் விற்க முடிந்ததையெல்லாம் விற்றார்கள். ஆனால் அதே மாதக் கடைசியில் சுவிட்சர்லாந்தின் டிச்சினோ பகுதியில் இருக்கும் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் தொற்றுக் கட்டுப்பாட்டால் மூடப்பட்டன, விமானங்களும் நின்றன, சின்னக் கட்டிகளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. திரையில் ஒரு விலை, கையில் கிடைக்கும் கட்டிக்கு வேறு விலை. எனக்கு 10 கிராம் கட்டி சந்தை விலைக்கு மேல் 6 சதவீதமும் 1 கிராம் கட்டி 12 சதவீதமும் கூடுதலாக விழுந்தன. பயத்தில் வாங்கினேன், பயத்துக்கான விலையையும் சேர்த்தே கொடுத்தேன்.

இப்போது விற்ற கதை. முதலில் போனது நான் வாங்கிய இடத்துக்கே. வாங்கும்போது "எப்போது வேண்டுமானாலும் அன்றைய விலைக்கு நாங்களே எடுத்துக்கொள்வோம்" என்று சொன்னார்கள், அதை நம்பித்தான் அங்கே வாங்கினேன். போனால், அந்த ஏற்பாடு இப்போது இல்லை, வேறு பொருளாக மாற்றிக்கொள்ளலாம், பணமாகத் தர முடியாது என்றார்கள். என் பில்லில் அந்த வாக்குறுதி ஒரு வரிகூட இல்லை. வாய்ச்சொல்லாக வாங்கியது என் தவறு, ஆனால் சொன்னவர்களின் தவறு அதைவிடப் பெரியது. வேலை இல்லாத ஒருவன் கட்டியை மேசை மேல் வைத்துவிட்டு நிற்கும்போது "மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது எவ்வளவு கசப்பானது என்பது நின்றவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது இடத்தில் சீலைப் பிரித்துச் சோதித்துத்தான் வாங்குவோம் என்றார்கள், பிரித்த பிறகு விலை ஒத்துவரவில்லை என்றால் பிரித்த அட்டையோடு திரும்ப வேண்டும். வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். மூன்றாவது இடத்தில்தான் வேலை நடந்தது. பில், வரிசை எண், சீல் மூன்றும் ஒத்துப்போன 10 கிராம் கட்டிக்குச் சந்தை விலையில் 2 சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள், கால் மணி நேரத்தில் பணம் கணக்குக்கு வந்தது. 1 கிராம் கட்டிகள் ஐந்துக்கு 5 சதவீதம் குறைத்தார்கள். இன்னொரு 10 கிராம் கட்டியின் அட்டை ஓரத்தில் லேசாக விரிசல் விட்டிருந்தது, நான்தான் எல்லாவற்றையும் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தேன், அதைப் பிரித்த கட்டியாகவே கணக்கு வைத்து இன்னும் குறைவாகக் கேட்டதால் விற்கவில்லை.

இந்தச் சதவீதங்களைச் சேர்த்துப் பாருங்கள். சந்தை விலை 100 என்று வைத்தால், ஒரு கிராம் கட்டியை 112 கொடுத்து வாங்கி 95க்கு விற்றால், போட்ட பணம் திரும்பி வரவே தங்கத்தின் விலை ஏறத்தாழ 18 சதவீதம் ஏற வேண்டும். 10 கிராம் கட்டியில் 106, 98, அதாவது 8 சதவீதம் போதும். "சின்னச் சின்னதாக வாங்கினால் தேவைக்கு ஏற்ப விற்கலாம்" என்ற அறிவுரையைக் கேட்டுத்தான் பத்து ஒரு கிராம் கட்டிகள் வாங்கினேன். இனிமேல் யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். இந்த ஐந்து வருடத்தில் தங்கம் டாலர் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டதால் எனக்கு நட்டம் வரவில்லை, உண்மைதான். ஆனால் அது சந்தையின் புண்ணியம், கட்டியின் குணம் என்று எழுதினால் பொய் சொன்னதாகிவிடும்.

சந்தை எப்போதும் இப்படி இருந்ததும் இல்லை. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. அப்போதும் உலகம் பயந்துபோய்த்தான் இருந்தது. அந்த உச்சத்தில் வாங்கியவர் அதே எண்ணை மறுபடி பார்க்க 2008 ஜனவரி வரை காத்திருந்தார். இருபத்தெட்டு வருடம், அதுவும் விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காமல். 2011இல் 1,900 டாலருக்கு வாங்கியவர் 2015 டிசம்பரில் 1,050 அளவில் பார்த்தார். இதைத் தெரிந்துகொண்டு வாங்குபவர்தான் நடுவில் பதறி விற்க மாட்டார். பத்து வருடத்துக்குத் தொடாத பணம் என்றால் மட்டும் வாங்குங்கள். அடுத்த வருடம் வேண்டிய பணத்தை இதில் போடாதீர்கள், நான் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன்.

கட்டி உண்மையானதா என்ற கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள். கடைகளில் இருக்கும் எக்ஸ்ரே தரச்சோதனை மெஷின் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும், தலைமுடியின் தடிமன் அளவுக்குக்கூட அது உள்ளே போகாது. அதனால் கனமான முலாம் பூசிய போலியை அது மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது. சீல் பிரித்த கட்டி என்றால் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசின் மேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, கட்டியை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், எனவே 10 கிராம் கட்டிக்குத் தராசு 0.52 அளவில் காட்ட வேண்டும். உள்ளே ஈயம் இருந்தால் 0.88 பக்கம் போகும், பித்தளை என்றால் 1.1க்கு மேல். இதற்குச் சிக்காத ஒரே ஆசாமி டங்ஸ்டன், அதன் அடர்த்தி 19.25, கிட்டத்தட்ட தங்கமேதான். அதற்கு ஒலி அலைச் சோதனையோ மின்கடத்துத் திறன் பார்க்கும் கருவியோ வேண்டும். வாங்கும் இடத்தில் அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

அட்டை, சீல் பற்றி எனக்கு இப்போது மாற்றுக் கருத்து இருக்கிறது. 999.9 தங்கம் மிருதுவானது, விரல் நகம் பட்டாலே தடம் விழுமோ என்று பயப்பட வேண்டும், அதனால்தான் அட்டைக்குள் அடைக்கிறார்கள். ஆனால் அப்புறம் அந்த அட்டையே சரக்காகிவிடுகிறது. அட்டை விரிந்தால் தங்கத்தின் எடை ஒரு மில்லிகிராம்கூடக் குறையவில்லை, விலை மட்டும் குறைகிறது. 1967இலிருந்து தென்னாப்பிரிக்கா அச்சிடும் க்ரூகரேண்ட் நாணயத்தில் இந்தத் தொல்லை குறைவு. அது 22 காரட், செம்பு கலந்தது, மொத்த எடை 33.93 கிராம், உள்ளே சரியாக ஒரு அவுன்ஸ் சொக்கத் தங்கம், அதாவது 31.1 கிராம். கையில் எடுத்துப் பார்க்கலாம், எடையும் விட்டமும் வியாபாரிகளுக்கு மனப்பாடம். அடுத்த முறை கை நிறையப் பணம் இருந்தால் நான் வாங்கப்போவது இந்த மாதிரி, உலகமெங்கும் முகம் தெரிந்த நாணயம்தான்.

வீட்டில் வைக்கப் பயந்து இரண்டு வருடம் ஒரு பெட்டகச் சேவையிலும் வைத்திருந்தேன். வருடத்துக்கு மதிப்பில் 0.6 சதவீதக் கட்டணம், பத்து வருடத்துக்கு ஏறத்தாழ 6 சதவீதம், அது காப்பீட்டோடு சேர்த்து என்றால் நியாயம் என்றே சொல்வேன். குறை என்னவென்றால், திரும்பக் கேட்டபோது கையில் தர ஒன்பது வேலை நாள் ஆனது, தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் வேறு காரணம். இந்தச் சேவைகளைப் பார்க்கும்போது முதலில் படிக்க வேண்டியது, கட்டியை உங்கள் பெயரில் எண் போட்டுத் தனியாக ஒதுக்கி வைக்கிறார்களா, அல்லது பொதுக் குவியலில் உங்களுக்கு இத்தனை கிராம் என்று கணக்கு மட்டும் எழுதுகிறார்களா என்பது. இரண்டாவது என்றால் நீங்கள் தங்கத்தின் சொந்தக்காரர் கிடையாது, அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர், நிறுவனம் திவாலானால் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்பவர்களிடம் இதை இன்னும் கவனமாகப் படியுங்கள். வங்கி லாக்கரும் இதே போல ஒரு தவறான நம்பிக்கை தரும். வங்கி திவாலானால் ஈடு தரும் வைப்புக் காப்பீடு கணக்கில் இருக்கும் பணத்துக்குத்தான், லாக்கருக்குள் இருப்பதற்கு அது பொருந்தாது.

தங்கம் இருந்தால் அரசாங்கம்கூடத் தொட முடியாது என்று சொல்பவர்களுக்கு 1933ஐ நினைவுபடுத்த வேண்டும். அமெரிக்காவில் அந்த வருடம் மக்கள் தங்கத்தை அவுன்ஸ் 20.67 டாலருக்கு ஒப்படைக்க உத்தரவு வந்தது, 1934 ஜனவரியில் விலையை 35 டாலராக உயர்த்தினார்கள். 1974 கடைசியில்தான் மறுபடி தடையில்லாமல் வைத்துக்கொள்ள முடிந்தது.

அப்படியானால் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால், என் பதில் 2013இல் சைப்ரஸ் தீவு நாட்டில் வந்த வங்கி நெருக்கடி. மார்ச்சில் வங்கிகள் ஏறக்குறைய இரண்டு வாரம் மூடிக் கிடந்தன, திறந்த பிறகும் ஒருவர் ஒரு நாளைக்கு 300 யூரோ மட்டும் எடுக்கலாம், பேங்க் ஆஃப் சைப்ரஸில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களின் அந்த மேல்தொகையில் 47.5 சதவீதம் வங்கிப் பங்குகளாக மாற்றப்பட்டது. கவனியுங்கள், ஒரு லட்சத்துக்குள் வைத்திருந்தவர்களின் பணம் தப்பியது. எனக்கு அதிலிருந்து கிடைத்தது இரண்டு விஷயம்: காப்பீட்டு வரம்புக்குள் பணத்தை இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வைப்பது, வங்கி எதையும் சாராத ஒன்று கொஞ்சம் கையில் இருப்பது. அந்தக் "கொஞ்சம்" என் கணக்கில் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு.

மற்றவற்றையும் பார்த்தேன். வெள்ளி இடத்தை அடைக்கும், அதன் ஆட்டமும் பெரிது, 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை ஒட்டிப் போய் மார்ச் இறுதியில் 11 டாலருக்குக் கீழே வந்த பொருள் அது. பிட்காயின் 2021 நவம்பரில் 69,000 டாலர் பக்கம் இருந்து ஒரே வருடத்தில் 16,000க்குக் கீழே போனது, பத்து வருடத்தில் என்னாகுமோ, நாளைக்கு வாடகை கட்ட வேண்டியவனுக்கு அது சேமிப்பிடம் ஆகாது. பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதி யூனிட்டுகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி மிகக் குறைவு, விலையேற்றம்தான் நோக்கம் என்றால் கட்டியைவிட அதுவே சரி, ஆனால் சந்தையும் வங்கியும் திறந்திருக்கும் நாளில்தான் அது வேலை செய்யும்.

மதிப்பெண் என்றால் 10 கிராம் கட்டிக்கு ஐந்தில் மூன்றரை, 1 கிராம் கட்டிக்கு ஒன்றரை. வாங்குவதற்கு முன் ஆறு மாதச் செலவுக்கான பணம் சாதாரணக் கணக்கில் இருக்கட்டும். எனக்கு அது மூன்று மாதத்துக்கு இல்லாமல் ஆறு மாதத்துக்கு இருந்திருந்தால் அந்தக் கட்டி இன்னும் என்னிடம் இருந்திருக்கும், ஐந்தாவது மாதம் வேலை கிடைத்துவிட்டது. வாங்கும் அன்றே இரண்டு வேறு இடங்களில் "இதை இன்றைக்கு விற்றால் எவ்வளவு தருவீர்கள்" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். திரும்ப எடுப்போம் என்ற பேச்சைப் பில்லில் எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

மிச்சம் இருக்கும் இரண்டு 10 கிராம் கட்டிகளும் ஐந்து சின்னவையும் இப்போது ரப்பர் பேண்ட் இல்லாமல் துணி உறையில் தனித்தனியாக இருக்கின்றன. பில்களின் நகலும் வரிசை எண்களும் வேறு ஒரு இடத்தில் இருக்கின்றன. இரண்டும் எங்கே என்று இதுவரை எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. போன மாதம் மனைவியை உட்கார வைத்து, எது எங்கே, எந்தக் கடையில் கேட்க வேண்டும், எவ்வளவுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சொல்லி, அவள் கையெழுத்திலேயே எழுதி வைக்கச் சொன்னேன்.