கரன்ட் போய் வந்த பிறகும் ஓடுமா? பிரிவாக்ஸி, ஸ்குவிட், அட்கார்ட் ஹோம்: கொடைக்கானல் கணினிகளுக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

மேல்மலையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், நாளைக்கு எத்தனை தடவை கரன்ட் போகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. மரக்கிளை கம்பியில் விழும், அரை மணி நேரம் இருட்டு, பிறகு வரும். இணைய வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தை எவ்வளவு தடுக்கிறது, எத்தனை லட்சம் தளங்கள் பட்டியலில் இருக்கின்றன என்றெல்லாம் பார்க்கிறோம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது வேறு. கணினி திடீரென்று அணைந்து மறுபடி எழும்போது வடிகட்டி தானாக எழுகிறதா? எழவில்லை என்றால் இணையம் அடைபடுமா, திறந்துகொள்ளுமா?

பிராக்ஸியும் டிஎன்எஸ் வடிகட்டியும் பிரியும் இடம் இதுதான். பிராக்ஸி என்பது உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவில் உட்காரும் ஆள். எல்லாக் கோரிக்கையும் அவர் வழியாகத்தான் போகும். அவர் இல்லையென்றால் உலாவி எதையும் திறக்காது. டிஎன்எஸ் வடிகட்டி முகவரிப் புத்தகம் மாதிரி: பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும், தடுத்த பெயருக்குச் சொல்லாது. எண் தெரிந்தபின் போக்குவரத்து அதன் வழியாகப் போவதே இல்லை. பிரிவாக்ஸியும் ஸ்குவிட்டும் பிராக்ஸி வகை, அட்கார்ட் ஹோம் டிஎன்எஸ் வடிகட்டி.

ஒரே ஒரு கணினி, விளம்பரத் தொல்லை மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்த மூன்றுமே வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் நீட்சியைப் போட்டால் போதும். அது உலாவிக்குள்ளேயே இருப்பதால் எச்டிடிபிஎஸ் (பூட்டி மறைத்து வரும்) பக்கத்தின் உட்பகுதியையும் பார்க்கிறது; பிராக்ஸிக்குச் சாதாரணமாக அந்தக் கண் கிடையாது. குரோம் பழைய நீட்சி முறையைக் கைவிட்டதால் அங்கே அதன் லைட் வடிவம்தான் ஓடும். ஆனால் ஹோம்ஸ்டே வரவேற்பறையிலோ பிரவுசிங் சென்டரிலோ வருகிறவர் எந்த உலாவியைத் திறப்பார் என்று சொல்ல முடியாது, நீட்சியை இரண்டு கிளிக்கில் அணைத்தும் விடுவார். பிராக்ஸி தேவைப்படுவது அங்கேதான்.

பிரிவாக்ஸி

இன்டர்நெட் ஜங்க்பஸ்டர் என்ற பழைய மென்பொருளின் வழிவந்தது. பக்கங்களைச் சேமித்து வைக்காது, வடிகட்டுவது மட்டுமே வேலை. வட்டில் கேஷ் (சேமித்த பக்கங்களின் கிடங்கு) எதுவும் எழுதாததால் திடீர் அணைப்பில் அப்படிக் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. 2 ஜிபி ரேம் உள்ள பழைய மேசைக் கணினியிலும் இருக்கிற இடம் தெரியாமல் ஓடும்.

உபுண்டு, டெபியன் லினக்ஸில் ஆப்ட் என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவினால், நிறுவி முடிந்ததுமே சேவையாகத் தொடங்கிவிடும்; மறுதொடக்கத்திலும் தானாக எழும். விண்டோஸில் அப்படியில்லை. சாதாரணமாக நிறுவினால், யாராவது உள்நுழைந்து அதைத் திறந்தால்தான் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் சின்னம் வரும். கரன்ட் போய் வந்தால் சின்னம் இருக்காது, நெட்டும் இருக்காது. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரம் திறந்து, பிரிவாக்ஸி நிரலின் பெயரோடு இரட்டைக் கோடு இன்ஸ்டால் என்று ஒரு முறை கொடுத்தால் விண்டோஸ் சேவையாகப் பதிவாகிவிடும். பிறகு சேவைகள் பட்டியலில் தொடக்க முறை ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து உலாவியின் பிராக்ஸி அமைப்பில் முகவரி 127.0.0.1 (இதே கணினி என்று அர்த்தம்), போர்ட் என்ற வாசல் எண் 8118. ஃபயர்ஃபாக்ஸில் இதே பிராக்ஸியை எச்டிடிபிஎஸ்ஸுக்கும் பயன்படுத்து என்ற பெட்டியை டிக் செய்ய மறக்கிறவர்கள் அதிகம். டிக் செய்யாவிட்டால் இன்றைய இணையத்தில் பெரும்பாலான தளங்கள் பிராக்ஸியைத் தொடாமலேயே போய்விடும். வடிகட்டி ஓடுகிற மாதிரியே தெரியும், எதையும் தடுக்காது. குரோமும் எட்ஜும் விண்டோஸின் பிராக்ஸி அமைப்பையே எடுத்துக்கொள்ளும். எல்லாம் சரியா என்று பார்க்க முகவரிப் பட்டையில் எச்டிடிபி முன்னொட்டோடு பி, புள்ளி, பி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பிரிவாக்ஸியின் சொந்தப் பக்கம் வந்தால் கோரிக்கை அதன் வழியாகப் போகிறது என்று அர்த்தம்.

தொடங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் பெரும்பாலும் கேட்கும் முகவரிதான் காரணம். டெபியனில் வரும் கான்ஃபிக் கோப்பில் இரண்டு லிசன்-அட்ரஸ் வரிகள் இருக்கும்: ஒன்று 127.0.0.1, இன்னொன்று ஐபிவி6 முகவரி. கணினியில் ஐபிவி6 அணைக்கப்பட்டிருந்தால் இரண்டாவது வரியில் முட்டி மொத்தமும் நின்றுவிடும். அந்த வரியின் முன்னால் # போட்டால் தீர்ந்தது. பக்கத்து அறைக் கணினிக்கும் பகிரலாம் என்று 192.168.1.10 மாதிரி உள்வலை முகவரியைக் கொடுத்தவர்களுக்கு வேறு சிக்கல்: கணினி எழும்போது வைஃபை இன்னும் அந்த எண்ணை வாங்கியிருக்காது. இல்லாத முகவரியில் பிரிவாக்ஸி உட்காரப் பார்த்து விழுந்துவிடும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் மன்னவனூர், கூக்கால் வீடுகளில் போனை மாற்றினாலே எண்ணும் மாறும். ஒற்றைக் கணினிக்கு 127.0.0.1 தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள்.

விதிகளை எழுத வேண்டிய கோப்பு யூசர் புள்ளி ஆக்‌ஷன். டிஃபால்ட் ஆக்‌ஷன் கோப்பில் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் போய்விடலாம். ஒரு வரியில் சுருள் அடைப்பு, அதற்குள் கூட்டல் குறியும் பிளாக் என்ற சொல்லும், அதையொட்டி இன்னொரு சுருள் அடைப்பில் காரணம், பிறகு இரண்டு அடைப்பையும் மூட வேண்டும். அடுத்தடுத்த வரிகளில் தளப்பெயர்கள். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைக்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புள்ளி வைத்தால் அந்தத் தளமும் அதன் கிளைப் பெயர்கள் எல்லாமும் அடங்கும். வைக்காவிட்டால் அந்த ஒரே பெயர்தான். முன்னால் மூன்று டபிள்யூ சேர்த்தாலே தளம் திறந்துவிடும். மூடும் அடைப்பு ஒன்று விட்டுப்போனால் இன்னும் மோசம். கோப்பு மாறியதை அடுத்த கோரிக்கையிலேயே பிரிவாக்ஸி தானாகப் படித்துக்கொள்ளும், பிழையைப் பார்த்ததும் நின்றும்விடும். கோப்பைச் சேமித்த மறு நொடியே நெட் போனால் ரூட்டரைத் திட்டாமல் அடைப்புகளை எண்ணுங்கள்.

எச்டிடிபிஎஸ் பக்கங்களில் பிரிவாக்ஸிக்குத் தளப்பெயர் மட்டும்தான் தெரியும், அதற்குப் பின்னால் வரும் பாதை தெரியாது. அதனால் ஒரு தளத்தின் ஒரு பகுதியை மட்டும் தடுக்கும் விதி சத்தமில்லாமல் தோற்கும். 3.0.29 பதிப்பிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸைப் பிரித்துப் பார்க்கும் வசதி வந்திருக்கிறது. அதற்குச் சொந்தச் சான்றிதழ் உருவாக்கி உலாவிகளில் நம்பகமானதாகச் சேர்க்க வேண்டும். வெளியாட்கள் உட்கார்ந்து வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இதைச் செய்யவே கூடாது. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிக் கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

பகிர்வுக் கணினியில் பார்க்கும் ஆளுக்கு ஒரு குறிப்பு. தடுத்த எச்டிடிபிஎஸ் தளத்துக்குத் தடை அறிவிப்புப் பக்கம் வராது, பிழைச் செய்திதான் வரும். குரோமில் அதைப் படித்தே பிரச்சினையைப் பிரிக்கலாம். டனல் கனெக்‌ஷன் ஃபெயில்ட் என்று வந்தால் பிராக்ஸி ஓடுகிறது, தளத்தை மறுத்திருக்கிறது. பிராக்ஸி கனெக்‌ஷன் ஃபெயில்ட் என்று வந்தால் பிராக்ஸியே ஓடவில்லை. இந்த இரண்டு வரியையும் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்தால் பாதி போன் அழைப்புகள் குறையும்.

ஸ்குவிட்

பக்கங்களைச் சேமித்துத் தரும் பிராக்ஸி, போர்ட் 3128. டேட்டா மிச்சமாகும் என்ற நம்பிக்கையில் இதைத் தேடுகிறவர்கள் இன்னும் உண்டு. தினம் 1.5 ஜிபி பேக்கில் ஓட்டுகிற வீட்டுக்கு அது ஆசைதான். ஆனால் எச்டிடிபிஎஸ் வந்தபின் அந்தக் கணக்கு உடைந்துபோனது: பூட்டிய பெட்டியை ஸ்குவிட் கடத்திவிடலாம், திறந்து சேமிக்க முடியாது. மிச்சம் கிடைப்பது லினக்ஸ் ஆப்ட் தொகுப்புகள் மாதிரி இன்னும் சாதா எச்டிடிபியில் வருபவற்றில்தான். அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. நிறுவியபடியே விட்டால் வட்டில் சேமிப்பு கிடையாது, கேஷ்-டிர் வரியின் # குறியை எடுத்தால்தான் உண்டு. சேமிக்கும் ஒரு பொருளின் உச்ச அளவும் 4 எம்பிதான்; பெரிய தொகுப்புகள் ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்தே இறங்கும். மாக்சிமம் ஆப்ஜெக்ட் சைஸ் வரியை 200 எம்பி என்று, கேஷ்-டிர் வரிக்கு மேலே எழுதுங்கள். கீழே எழுதினால் கணக்கில் வராது.

கரன்ட் விஷயத்தில் ஸ்குவிட் சொகுசான பிள்ளை. முறையாக நிறுத்தாமல் அணைந்தால், அடுத்த முறை எழும்போது சேமிப்புக் கிடங்கின் குறிப்பேட்டை முதலிலிருந்து சரிபார்க்கும். பழைய சுழல்வட்டு என்றால் அதுவரை எல்லாமே மந்தம். நிறுத்தும்போதும் பொறுமை வேண்டும், திறந்திருக்கும் இணைப்புகளுக்காக 30 விநாடி வரை காத்திருக்கும். விதியை மாற்றியதும் மறுதொடக்கம் செய்யாமல், முதலில் மைனஸ் கே பார்ஸ் கட்டளையால் பிழை பார்த்துவிட்டு, மைனஸ் கே ரீகான்ஃபிகர் கொடுப்பதுதான் நல்லது.

அப்படியானால் எதற்கு ஸ்குவிட்? நேரக் கட்டுப்பாடும் ஆள்வாரிக் கட்டுப்பாடும். பிள்ளைகள் கணினிக்கு மட்டும் இரவில் யூடியூப் கூடாது என்பதை பிரிவாக்ஸியில் சொல்ல நேரடி வழியில்லை; இங்கே இரண்டு மூன்று வரி. ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரை என்று ஒரே வரியில் எழுத முடியாது, தொடக்க நேரம் முடிவு நேரத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 22:00 முதல் 23:59 வரை ஒன்று, 00:00 முதல் 06:00 வரை இன்னொன்று என்று இரண்டு ஏசிஎல்லாக (ஸ்குவிட்டின் நிபந்தனை வரி) பிரியுங்கள். பயோஸ் பேட்டரி செத்த பழைய கணினியில் இந்த விதிகளை நம்பாதீர்கள். கரன்ட் போய் வந்ததும் கடிகாரம் பின்னுக்குப் போகும், நள்ளிரவில் யூடியூப் திறக்கும். பேட்டரி கடையில் கிடைக்கும் சிஆர்2032தான்.

பிரிவாக்ஸியிலிருந்து ஸ்குவிட்டுக்கு வருகிறவர்கள் தடுக்கி விழும் படி ஒன்று இருக்கிறது. பிரிவாக்ஸியில் கடைசியாகப் பொருந்தும் விதி ஜெயிக்கும். ஸ்குவிட்டின் எச்டிடிபி-ஆக்சஸ் வரிகளில் முதலில் பொருந்துவது ஜெயிக்கும். மேலே எல்லாரையும் அனுமதி என்று எழுதிவிட்டுக் கீழே நூறு தடை எழுதினாலும் ஒன்றும் வேலை செய்யாது. தடைகள் மேலே, அனுமதி அடுத்து, எல்லாரையும் மறு என்பது கடைசியில்.

அட்கார்ட் ஹோம்

பிராக்ஸி வேண்டாம், விருந்தினர் போன்களையும் வடிகட்ட வேண்டும் என்றால் இது. பை-ஹோல் என்ற மென்பொருளும் இதே வேலையைச் செய்யும். ஒரே கோப்பாக இறங்கி ஓடுவதால் அட்கார்ட் ஹோம் நிறுவ எளிது. முதல் அமைப்பு உலாவியில் 3000ஆம் போர்ட்டில் திறக்கும், வேலை செய்வது 53ஆம் போர்ட்டில். உபுண்டுவில் 53 ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கிறது என்று முறையிடும். உபுண்டுவின் சொந்த டிஎன்எஸ் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டு அங்கே உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அதன் கான்ஃபிக் கோப்பில் டிஎன்எஸ் ஸ்டப் லிசனர் வரிக்கு நோ கொடுத்து அந்தச் சேவையை மறுபடி எழுப்பிவிட வேண்டும். பிறகு ரூட்டரில் டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) தரும் டிஎன்எஸ் முகவரியாக இந்தக் கணினியின் எண்ணைப் போடுங்கள்.

வரவேற்பறைக் கணினியையே இதற்கு வைத்தால், அதை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற நேரத்தில் எல்லா அறையிலும் நெட் சுற்றிக்கொண்டே நிற்கும். சரி, இரண்டாவது டிஎன்எஸ்ஸாகப் பொது முகவரி ஒன்றைப் போட்டுவிடுவோம் என்று தோன்றும். போடாதீர்கள். போன்கள் இரண்டையும் இஷ்டத்துக்குக் கேட்கும், வடிகட்டி சல்லடையாகிவிடும். எப்போதும் ஓடும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை, ரூட்டர் இருக்கும் சின்ன யுபிஎஸ்ஸிலேயே சேர்த்து மாட்டுவதுதான் வழி. பை 4 வரை பேட்டரிக் கடிகாரம் கிடையாது. அட்கார்ட் ஹோம் பெயர் கேட்கும் மேல் சேவையகத்தை மறையாக்கிய டிஎன்எஸ் முகவரியாகக் கொடுத்திருந்தால், நேரம் மிகவும் தப்பும்போது அதன் சான்றிதழ் செல்லாது என்றாகி, பெயர்கள் கிடைக்காது. பெயர் கிடைக்காததால் நேரத்தையும் திருத்த முடியாது. நேர சேவையகத்தைப் பெயராகக் கொடுக்காமல் எண் முகவரியாகக் கொடுத்தால் இந்த முடிச்சு அவிழும்.

போனில் பிரைவேட் டிஎன்எஸ் (ரூட்டர் தருவதை விட்டு வேறொரு டிஎன்எஸ்ஸைக் கேட்கும் அமைப்பு) போட்டிருப்பவர் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு இறங்கினாலும் இந்த வடிகட்டி வீட்டிலேயே நின்றுவிடும்; 127.0.0.1இல் ஓடும் பிரிவாக்ஸி கூடவே வரும்.

கணினியிலேயே இருக்கும் ஹோஸ்ட்ஸ் என்ற முகவரிப் பட்டியல் கோப்பில் பெயர்களை எழுதித் தடுப்பது நாலைந்து தளங்களுக்குச் சரி. கிளைப் பெயர்களை மொத்தமாகப் பிடிக்க அதில் வழியில்லை. நோட்பேடில் எழுதினால் டிஎக்ஸ்டி என்ற வால் ஒட்டிக்கொண்டு கோப்பே கண்டுகொள்ளப்படாமல் போவதும் உண்டு.

தேர்வு எங்கள் கையில் என்றால், வீட்டுக் கணினிக்கும் வரவேற்பறைக் கணினிக்கும் பிரிவாக்ஸி. பிரித்துப் பார்க்கும் வசதி இல்லாமல், முப்பது நாற்பது வரி யூசர் ஆக்‌ஷனோடு. நிர்வாகக் கணக்கைத் தனியாக வைத்து, பிராக்ஸி அமைப்பை மற்றவர்கள் மாற்ற முடியாமல் பூட்டிவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன உழைப்பு முழுக்க வீண். நான்கைந்து கணினி, நேரக் கட்டுப்பாடு கண்டிப்பாக வேண்டும் என்ற இடத்தில் மட்டும் ஸ்குவிட், அதுவும் வட்டுச் சேமிப்பு இல்லாமல். போன்கள்தான் அதிகம் என்றால் யுபிஎஸ்ஸோடு அட்கார்ட் ஹோம்.

எதைப் போட்டாலும் ஒப்படைக்கும் முன் இ-பாஸ் பக்கத்தை ஒரு முறை கடைசிவரை நிரப்பிப் பாருங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு அது வேண்டும், பிரவுசிங் சென்டருக்கும் விடுதிக்கும் வருகிற முதல் வேலை அதுதான். ஏதாவது ஒரு படமோ ஓடிபியோ வராமல் நின்றால், பிரிவாக்ஸியின் சொந்தப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்து எந்த விதி பிடித்தது என்று பார்த்து, யூசர் ஆக்‌ஷனின் கடைசியில் கழித்தல் குறியோடு பிளாக் என்று எழுதி அந்தப் பெயரைச் சேருங்கள். பிறகு கணினியை மறுதொடக்கம் செய்து, நிர்வாகி உள்நுழையாமல், சாதாரணக் கணக்கில் போய் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்போதும் திறந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.