சோனி ஏ306 வாக்மேன்: காசு வைஃபைக்கு, புளூடூத்துக்கு இல்லை

சோனி என்டபிள்யூ-ஏ306 வாக்மேன் 2023-ல் 25,990 ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்தது. எடை 113 கிராம், திரை 3.6 அங்குலம். சட்டைப் பையில் போட்டால் பை தொங்காது. உள்ளே ஆண்ட்ராய்டு 12, 32 ஜிபி சேமிப்பிடம், மைக்ரோ எஸ்டி கார்டுக்கு ஒரு பொந்து, 3.5 மிமீ ஹெட்ஃபோன் துளை, வைஃபை, புளூடூத் 5.0. இதை வாங்க நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது "எல்டாக் இருக்கா?" என்றுதான். புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளுக்குக் கோடெக் என்று பெயர், எல்டாக் அவற்றில் ஒன்று. இருக்கிறது. ஆப்ட்எக்ஸ் எச்டி, ஏஏசி, எஸ்பிசி என்கிற மற்ற கோடெக்குகளும் இருக்கின்றன. அதற்காக மட்டும் இதை வாங்குவதாக இருந்தால், அந்தக் காசை நல்ல ஹெட்ஃபோனில் போடுவது மேல்.

காரணம் எளிது. வாக்மேனின் சிறப்பே அதன் எஸ்-மாஸ்டர் எச்எக்ஸ் என்கிற டிஜிட்டல் ஆம்ப்பும் (ஹெட்ஃபோனை ஒலிக்கச் செய்யும் பகுதி) அதைச் சுற்றியுள்ள மின்சுற்றும்தான். வயர் ஹெட்ஃபோனைச் செருகினால்தான் அந்த ஆம்ப் வேலை செய்யும். புளூடூத்தில் கேட்கும்போது வாக்மேன் பாட்டைச் சுருக்கி எண்களாக அனுப்புவதோடு சரி. அந்த எண்களை ஒலியாக்குவது காதில் மாட்டிய இயர்பட்ஸுக்குள் இருக்கும் சின்னச் சில்லும் சின்ன ஆம்ப்பும். எல்டாக் உள்ள ஃபோன் அனுப்பினாலும் இதே வேலைதான் நடக்கிறது. புளூடூத்தில் மட்டும் கேட்பவருக்கு வாக்மேன் ஒரு இரண்டாவது ஃபோன், அதுவும் சிம் போட முடியாத ஃபோன்.

அளவைப் பார்த்தால் இன்னும் தெளியும். சிடி தரத்தில் ஒரு பாட்டு நொடிக்கு 1,411 கிலோபிட். எஸ்பிசி வழக்கமான உயர்தர அமைப்பில் அனுப்புவது 328 கிலோபிட். ஆப்ட்எக்ஸ் எச்டி 576. எல்டாக் மூன்று படிகளில் ஓடும்: 330, 660, 990. உச்சப் படியில் ஓடினாலும் சிடி அளவை அது எட்டாது. ஹை-ரெஸ் எனப்படும், சிடி-யைவிட உயர்ந்த தரமுள்ள 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் நொடிக்கு 4,608 கிலோபிட். அதை 990-க்குள் அடக்க வேண்டுமென்றால் நாலரை மடங்குக்கு மேல் சுருக்க வேண்டும். 192 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் என்றால் முதலில் 96-க்கு இறக்கிவிட்டுத்தான் எல்டாக் தொடும். கேட்க நன்றாகவே இருக்கும், அதில் தகராறு இல்லை. ஆனால் "ஹை-ரெஸ் அப்படியே காதுக்கு வருகிறது" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஏர்பாட்ஸ் வைத்திருப்பவருக்கு எல்டாக் கிடைக்காது, ஏஏசி-தான். இரண்டு முனையிலும் ஒரே கோடெக் இருந்தால்தான் பேச்சு நடக்கும். எல்டாக் உள்ள ஹெட்ஃபோன்களிலும் பலவற்றில் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் வசதியை ஆன் செய்தால் எல்டாக் சத்தமில்லாமல் அணைந்து ஏஏசி-க்கு இறங்கிவிடும். ஹெட்ஃபோனின் ஆப்பில் "நிலையான இணைப்புக்கு முன்னுரிமை" என்று இருந்தாலும் எல்டாக் ஓடாது. எந்தக் கோடெக் ஓடுகிறது என்று பார்க்க, ஆண்ட்ராய்டு அமைப்புகளில் கருவியைப் பற்றிய பக்கத்தில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டுங்கள். டெவலப்பர் பட்டியல் திறக்கும். அதில் புளூடூத் ஆடியோ கோடெக் என்ற வரியைப் பாருங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால்தான் சரியான விடை தெரியும்.

அதே பட்டியலில் எல்டாக் படியை நம் கையாலேயே பூட்டலாம். புதுச்சேரியில் இது உண்மையாகவே உதவும். பீச் ரோட்டில் காந்தி சிலையிலிருந்து தெற்கே நடக்கும்போது 990-ல் பூட்டி வைத்தால் பாட்டு விட்டு விட்டுக் கேட்க வாய்ப்பு அதிகம். கூட்டம் இல்லாத விடியற்காலையிலும் அப்படி ஆகலாம். புளூடூத் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ். மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் அதை நன்றாக விழுங்கும். வீட்டுக்குள் பின்பாக்கெட்டில் கருவி இருந்தாலும் அலை சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிக் காதுக்கு வந்துவிடும். கடற்கரையில் ஒரு பக்கம் முழுக்கத் திறந்த வெளி, மேலே வானம். திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. பாக்கெட்டிலிருந்து காதுக்கு இருக்கும் ஒரே நேர்வழியை நம் இடுப்பே அடைத்து நிற்கிறது. கருவியைச் சட்டையின் மேல் பாக்கெட்டுக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு 660-ல் பூட்டுங்கள். நடந்துகொண்டே கேட்கும்போது 660-க்கும் 990-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். அலைச் சத்தமும் காற்றும் அதைவிடப் பெரியவை.

மறைமலை அடிகள் சாலை பஸ் ஸ்டாண்டிலும் ஞாயிறு சந்தை நேரத்து மகாத்மா காந்தி சாலையிலும் காரணம் வேறு. அங்கே ஒரே அலைவரிசையில் நூற்றுக்கணக்கான ஃபோன்களும் இயர்பட்ஸும் கடை வைஃபைகளும் முட்டிக்கொள்கின்றன. புளூடூத் 79 தடங்களுக்குள் நொடிக்கு 1,600 முறை வரை தாவித் தாவி இடம் தேடும். வழியில் தொலைந்த தரவுப் பொட்டலத்தை மறுபடி அனுப்பும். 990-ல் மறுபடி அனுப்பத் தேவையான இடைவெளி மிகவும் குறைவு. 330-ல் தாராளமாக இருக்கும். "விலை உயர்ந்த கோடெக், ஆனாலும் கட் ஆகுதே" என்று கருவியைத் திட்டுவதில் நியாயமில்லை.

வைஃபைக்கு வருவோம். இந்தக் கருவியில் பேச வேண்டிய விஷயம் இதுதான்.

ஏ306-ல் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உண்டு. இந்த விலையில் அந்த 5-ஐத்தான் பெரிதாக மதிக்க வேண்டும். புதுச்சேரி - கடலூர் பஸ்ஸில் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டை வாக்மேனுக்குக் கொடுத்து ஆன்லைனில் பாட்டுக் கேட்கிறவர்கள் உண்டு. ஹாட்ஸ்பாட் 2.4-ல் இருந்து, காதில் புளூடூத் இயர்பட்ஸும் இருந்தால் இரண்டும் ஒரே அலைவரிசையில் இடம் பிடிக்கப் போட்டி போடும். இது போன்ற சின்னக் கருவிகளில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சில்லில் இருக்கும், மாற்றி மாற்றித்தான் பேசும். ஃபோனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். முள்ளோடை தாண்டுவதற்குள் வித்தியாசம் காதுக்குத் தெரியும். அதைவிட நல்ல வழி, கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வைஃபையை முழுக்க அணைத்துவிடுவது. ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாட்டுகள் நிலைக்க 30 நாளைக்கு ஒருமுறையாவது கருவி இணையத்தைத் தொட வேண்டும். அதை மறந்தால் ஊருக்குப் போன இடத்தில் பட்டியல் முழுக்கச் சாம்பல் நிறமாகக் கிடக்கும்.

பேட்டரியிலும் இந்த வித்தியாசம் உண்டு. சோனியின் சொந்த ஆப்பில் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக் ஃபைலை (தரம் குறையாமல் சுருக்கிய பாட்டு) வயரில் கேட்டால் 36 மணி நேரம் வரை என்பது நிறுவனத்தின் கணக்கு. வைஃபையை ஆன் செய்து மேசையில் வைத்துவிட்டுப் போனால், பாட்டே ஓடாமல் பேட்டரி கரையும். பின்னணியில் ஆப்கள் தங்களைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். முதல் நாளே தேவையில்லாத ஆப்களை முடக்குங்கள், ப்ளே ஸ்டோரின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள்.

32 ஜிபி என்று எழுதியிருந்தாலும் ஆண்ட்ராய்டு எடுத்துக்கொண்டது போக நமக்கு மிஞ்சுவது சுமார் 18. ஒரு ஃப்ளாக் ஆல்பம் 320 எம்பி என்று வைத்தால் 56 ஆல்பம். ஆகவே கார்டு கட்டாயம். 256 ஜிபி கார்டை முதல்முறை நிரப்பும்போது வைஃபையை நம்பாதீர்கள். கார்டைக் கழற்றி ரீடரில் போட்டு நொடிக்கு 30 எம்பி வேகத்தில் எழுதினால் இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். அதன்பிறகு வாரம் ஒரு ஆல்பம் சேர்ப்பதற்கு வைஃபை அருமையானது: கருவியில் ஒரு எஃப்டிபி சர்வர் ஆப் (வைஃபை வழியாக ஃபைலை வாங்கிக்கொள்ளும் ஆப்) போட்டு, கணினியிலிருந்து அந்த முகவரிக்கு அனுப்பினால் போதும். ஓயாமல் கேபிள் செருகிப் பிடுங்கும் வேலை குறையும்.

கடலோரத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. தேவனாம்பட்டினத்திலும் முத்தியால்பேட்டையிலும் வீட்டுச் சன்னல் கம்பியை உப்புக்காற்று என்ன செய்கிறது என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யுஎஸ்பி-சி துளைக்குள் இருக்கும் மெல்லிய பட்டைகளும் 3.5 மிமீ துளையின் உள்பக்கமும் அதே காற்றில்தான் இருக்கின்றன. வியர்வைக் கையோடு பிளக்கைத் தொட்டுச் செருகினால் உப்பும் சேர்ந்தே உள்ளே போகும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் வருவதும், பிளக்கைத் திருகினால் கரகரப்பதும் பெரும்பாலும் இதனால்தான். ஆம்ப் கெட்டதால் அல்ல. கருவியை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பிளக்கில் லேசாகத் தடவி ஐந்தாறு முறை செருகி எடுங்கள். பத்து நிமிடம் காயவிட்டு ஆன் செய்யுங்கள். துளைக்குள் நேராக ஊற்ற வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வைப்பது வழக்கமானால் இந்த வேலையே அடிக்கடி வராது.

இனி வரப்போவதைப் பற்றி. பாட்டுக் கருவியில் வைஃபை புதிது இல்லை. 2006-ல் மைக்ரோசாஃப்டின் ஸூன் வந்தபோதே பக்கத்தில் இருப்பவரின் ஸூனுக்கு வைஃபையில் பாட்டு அனுப்ப முடிந்தது. பெற்றவர் அதை மூன்று முறை கேட்கலாம், அல்லது மூன்று நாள் வைத்திருக்கலாம். கேட்க ஆசையாக இருந்தது, நிலைக்கவில்லை. ஐபாட் டச் 2007-ல் வைஃபையோடு வந்தது, 2022 மே மாதம் நிறுத்தப்பட்டது.

இப்போது வாசலில் நிற்பது எல்இ ஆடியோ என்கிற புதிய புளூடூத் ஒலி முறை. 2020-ல் அறிவிக்கப்பட்டது. அதன் எல்சி3 கோடெக் எஸ்பிசி-யைவிடக் குறைந்த கிலோபிட்டில் அதே தரத்தைத் தரும், பேட்டரி மிஞ்சும். அதைவிட மனதுக்குப் பிடித்தது ஆராகாஸ்ட். ஒரு கருவி ஒலிபரப்ப, அருகில் எத்தனை பேர் வேண்டுமானாலும் தங்கள் சொந்த இயர்பட்ஸில் கேட்கலாம். ஒரே வயரில் ஆளுக்கொரு காது என்று உட்கார்ந்து கேட்ட பழக்கத்துக்கு வயர் இல்லாத வடிவம் அது. பாட்டுக் கருவிகளில் இது எல்லாவற்றிலும் வர வேண்டும். ஆனால் பெட்டியில் "புளூடூத் 5.2" அல்லது அதற்கு மேல் போட்டிருந்தால் இதெல்லாம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்இ ஆடியோ அந்தப் பதிப்புகளில் கட்டாயமில்லாத பகுதி. "எல்இ ஆடியோ", "ஆராகாஸ்ட்" என்ற சொற்களே அச்சிட்டிருக்க வேண்டும். ஏ306-ன் புளூடூத் 5.0, இந்த வசதி வருவதற்கு முந்தையது.

சிடி தரம் குறையாமல் காதுக்கு வர இன்னொரு பாதை, இயர்பட்ஸுக்கே வைஃபை வைப்பது. சியோமி பட்ஸ் 5 ப்ரோவின் வைஃபை வகை 2025-ல் வந்தது, நொடிக்கு 4.2 மெகாபிட் வரை போகும், ஆனால் அதற்கேற்ற சில்லுள்ள ஃபோனோடு மட்டும். தனிப் பாட்டுக் கருவிக்கு இது வரும்வரை காத்திருந்து வாங்காமல் இருப்பதில் பொருளில்லை.

வயர் இல்லாத பகுதிதான் கருவியில் முதலில் கிழடு தட்டும். ஆம்ப் பத்து வருடம் அப்படியே பாடும். மென்பொருள் அப்படி இல்லை. ஆண்ட்ராய்டு 7.1-க்கு முந்தைய கருவிகளிடம் லெட்ஸ் என்க்ரிப்டின் (இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் அமைப்பு) புதிய மூலச் சான்றிதழ் கிடையாது. அவற்றைக் காப்பாற்றி வந்த பழைய ஏற்பாடும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. நல்ல ஒலி தரும் கருவி கையில் இருக்கும், வைஃபையும் இணைந்திருக்கும், ஆனால் பல தளங்கள் திறக்காது. ஆப்கள் கைவிடுவது இதற்கு மேல். சரிகம கார்வான் தமிழில் 5,000 பாட்டுகளைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுப்பது வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. பாட்டு கைக்குள் இருக்கிறது, யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஆகவே செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஆண்ட்ராய்டு பதிப்பை முதலில் பாருங்கள். தேவையான ஆப்பைக் கடையிலேயே இறக்கி உள்நுழைந்து பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயர் பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். வயர் ஹெட்ஃபோனைச் செருகிப் பிளக்கை மெல்லத் திருகுங்கள், கரகரப்பு இருந்தால் விலை பேச அது ஒரு காரணம். ஆன்லைனே வேண்டாம், கார்டும் புளூடூத்தும் போதும் என்பவருக்கு 38 கிராம் எடையுள்ள ஷான்லிங் எம்0 போன்றவை போதும். எல்டாக் அதிலும் உண்டு, அனுப்பவும் செய்யும் வாங்கவும் செய்யும். அந்த "வாங்கவும்" என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபோனிலிருந்து புளூடூத்தில் பாட்டை வாங்கி, தன் ஆம்ப் வழியாக வயர் ஹெட்ஃபோனுக்குக் கொடுக்கும். காசு கொடுத்த ஆம்ப் அங்கே வேலை செய்கிறது.