கட்டி சார்க் மாதிரிக் கப்பல்: கியூர்பிப் பட்டறை பற்றிய மதிப்புரை

மொரீசியஸில் மாதிரிக் கப்பல் விற்கும் கடைகள் பல உண்டு. ஆனால் கியூர்பிப்பில் உள்ள சிறு பட்டறையொன்றில் நான் வாங்கிய ‘கட்டி சார்க்’ (சீனத் தேயிலை ஏற்றிவரப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய பிரித்தானியப் பாய்மரக் கப்பல்) அளவுக்கு, உண்மைக் கப்பலின் கட்டுமானத்தை மதித்துச் செய்த மாதிரியை வேறெங்கும் கண்டதில்லை. அந்தக் கப்பல் இரும்பு விலாச்சட்டங்களின் மேல் மரப்பலகைகளைப் பொருத்திக் கட்டப்பட்டது. பட்டறையினரும் ஒரே மரக்கட்டையைச் செதுக்கிவிடாமல், சட்டங்களை நிறுத்தி, மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே தகடு வேய்ந்த நிறமும் சரியாக அமைந்திருக்கிறது. பாய்மரக் கயிறுகளில் ஒரு முடிச்சுகூடத் தளர்ந்திருக்கவில்லை.

எனக்கு மனக்குறை தருவது, பீடத்தில் பதித்த பெயர்த்தகடுதான். அதில் உரிமையாளர் ஜான் வில்லிஸின் பெயரும் 1869 என்ற ஆண்டும் இருக்கின்றன; கட்டியவர்களின் பெயர் இல்லை. ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில், லெவன் ஆற்றங்கரையில், அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்த ‘ஸ்காட் அண்ட் லிண்டன்’ என்ற சிறு நிறுவனம் அதைக் கட்டியது. வடிவமைத்தவர், அதன் பங்குதாரரான ஹெர்குலிஸ் லிண்டன். டன்னுக்கு 17 பவுண்டு என்ற குறைந்த விலைக்கு, மொத்தம் 16,150 பவுண்டுக்கு, 1869 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வில்லிஸின் சார்பில் கேப்டன் ஜார்ஜ் மூடி வேலையைக் கண்டிப்புடன் மேற்பார்த்தார். தரத்தில் குறை வைக்க இடமில்லை, கையில் முதலும் போதவில்லை. ஆகவே கப்பல் முடிவதற்குள் நிறுவனம் முறிந்தது. மீதி வேலையை வில்லியம் டென்னி சகோதரர்களின் நிறுவனம் முடித்துக் கொடுக்க, நவம்பர் 22 அன்று கப்பல் நீரில் இறங்கியது. ஐந்து நாட்களுக்கு முன்புதான் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. நீராவிக் கப்பல்களுக்குச் சீனத் தேயிலை வணிகத்தின் குறுக்குவழி அதனால் கிடைத்துவிட்டது. இருந்தும், தன்னைக் கட்டியவர்களை நொடிக்கச் செய்த அந்தக் கப்பல் இன்றும் லண்டனின் கிரீனிச்சில் நிற்கிறது. அத்தனை உறுதியாகக் கட்டியவர்களின் பெயரைத் தகட்டில் சேர்க்காமல் விடுவது நியாயமாகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தீவின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த லபூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்து போர்ட் லூயிஸை எழுப்பிய நம் கைவினைஞர்களின் பெயர்களும் இப்படித்தான் மறைந்தன என்பதால், இதை நான் சிறு குறையாக எண்ணவில்லை.

விலை, நினைவுப்பொருள் கடைகளில் இருப்பதைவிடக் கணிசமாக அதிகம். வேலைப்பாட்டுக்கு அது தகும். விமானத்தில் கொண்டுசெல்ல மரப்பெட்டியில் அசையாமல் கட்டித் தருகிறார்கள். வாங்குவோர், பெட்டி மூடப்படும் முன் லிண்டனின் பெயரையும் தகட்டில் பொறித்துத் தருமாறு கேளுங்கள். நான் கேட்டபோது மறுக்காமல், கூடுதல் கட்டணமின்றிச் செய்துகொடுத்தார்கள்.