சான்றிதழ் ஃபைலா, கூகுள் டிரைவா?

வேலூரில் காட்பாடி, ஓட்டேரி பக்கம் கல்லூரியில் இறுதியாண்டு வந்ததும் பலருக்கும் இந்தக் குழப்பம்தான். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு, நான் முதல்வன் பயிற்சி எல்லாவற்றையும் ஃபைலில் கோர்ப்பதா, டிரைவில் ஏற்றுவதா?

செலவு:
ஃபைல் – கவர், ஜெராக்ஸ் காசு.
டிரைவ் – 15 ஜிபி வரை இலவசம்.

ஆயுள்:
ஃபைல் – மழையும் கரையானும் எதிரி.
டிரைவ் – 2 ஆண்டு தொடாமல் விட்டால் உங்கள் கணக்கையே கூகுள் நீக்கிவிடக்கூடும். கல்லூரி மெயிலில் வேண்டாம். படிப்பு முடிந்ததும் மூடிவிடக்கூடும்.

நம்பகம்:
ஃபைல் – விளையாட்டு ஒதுக்கீடு, என்.சி.சி. 'சி' சான்றிதழ் என்றால் அசலைத்தான் கேட்பார்கள்.
டிரைவ் – அங்கே லிங்க் செல்லாது.

திறமையைக் காட்டுவதில்தான் ஃபைல் தோற்கிறது. என்.எஸ்.எஸ். சான்றிதழ் 240 மணி நேர சேவை, 7 நாள் முகாம் என்பதோடு நின்றுவிடும். முகாமில் நீங்கள் ஏரிக்கரையைச் சுத்தம் செய்ய ஊர் மக்களைத் திரட்டினீர்களா, கணக்கு எழுதினீர்களா? படம், வீடியோ, இரண்டு வரிக் குறிப்பு இருந்தால்தான் தெரியும். அதை அந்த வாரமே எழுதிவிடுங்கள். அப்புறம் தேதிகூட நினைவிருக்காது.

டிஎன்பிஎஸ்சி, சீருடைப் பணி என்றால் ஃபைல். ஐடி, ஊடகம், டிசைன் என்றால் டிரைவ். இன்னும் முடிவு செய்யாதவர்கள் அசலை ஃபைலில் வைத்து, ஸ்கேனை டிரைவில் போடலாம்.