டைம் கிரைசிஸ் துப்பாக்கி வாங்கப் போகிறவர்களே, மஞ்சள் ஒயரைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

போன மாதம் 9,500 ரூபாய் போச்சு. இன்னொருவருக்கும் இப்படி ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பழைய பிளேஸ்டேஷன் 1 கேம் மெஷினுக்கான டைம் கிரைசிஸ் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் சிடியும், கூடவே டிவி திரையைக் குறிவைத்துச் சுட நாம்கோ நிறுவனம் வெளியிட்ட கன்கான் என்ற விளையாட்டுத் துப்பாக்கியும் ஆன்லைனில் விற்பனைக்கு வந்திருந்தன. "ஒரிஜினல், டெஸ்ட் பண்ணியது, எந்த டிவியிலும் ஓடும்" என்று போட்டிருந்தார்கள். இந்தத் துப்பாக்கி பழைய டப்பா டிவியில் மட்டும்தான் வேலை செய்யும், எந்த டிவியிலும் என்ற அந்த வார்த்தையிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் இந்த கேம் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. 1990களில் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு விளையாடும் கேம் சென்டருக்கு, வந்த மெஷினில் காலடியில் ஒரு பெடல் இருக்கும், மிதித்தால் எழுந்து சுடலாம், காலை எடுத்தால் மறைவில் பதுங்கிக்கொள்ளலாம், பதுங்கும்போதே குண்டும் நிரம்பிவிடும். 1997இல் வந்த பிளேஸ்டேஷன் பதிப்பில் அந்தப் பெடலின் வேலையைத் துப்பாக்கிக் குழலின் பக்கவாட்டு பட்டன் பார்த்துக்கொள்ளும். படம் ஆர்கேடு அளவுக்கு வழுவழுவென்று ஓடாது, ஆனால் ஆர்கேடில் இல்லாத தனிக் கதை ஒன்று உண்டு. இதற்காகவே பழைய டப்பா டிவி ஒன்றை எறியாமல் வைத்திருந்தேன்.

பார்சலைப் பிரித்தேன். துப்பாக்கி நல்ல கனம், ட்ரிகர் கிளிக் என்று அழுத்தமாக இருந்தது. கேபிளின் முனைக்கு வந்தபோதுதான் வயிறு கலங்கியது. அது இரண்டாகப் பிரிய வேண்டும், ஒன்று கன்ட்ரோலர் போர்ட்டுக்கு, இன்னொன்று மஞ்சள் வீடியோ பிளக்குக்கு. மஞ்சள் ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. நகத்தால் உரித்தால், கட்டிங் பிளேயரால் ஒட்ட நறுக்கிய செம்புக் கம்பி!

அந்த ஒயர் இல்லாமல் இந்தத் துப்பாக்கியால் பிரயோஜனமே இல்லை. டப்பா டிவி படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வரைகிறது. நாம் குறிவைத்த இடத்தை அந்த ஒளி கடக்கும் நொடியைக் குழலுக்குள் இருக்கும் சென்சார் பிடிக்கும். படம் எப்போது தொடங்கியது என்பது மஞ்சள் ஒயர் வழியாகத்தான் தெரியும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துத்தான் குண்டு எங்கே பட்டது என்று கணக்காகிறது. எல்இடி டிவியில் அந்த ஓடும் ஒளியே கிடையாது, அதனால் எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் வாங்கிப் போட்டாலும் சுட முடியாது.

விற்றவரிடம் கேட்டேன். "அந்த ஒயர் பழைய டிவிக்கு மட்டும்தான் சார், தேவையில்லை என்று எடுத்துவிட்டோம். நீங்கள் எல்இடி டிவியில் போட்டுப் பாருங்கள்" என்றார். முழுப் பொய். கேபிள் வீடியோவை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். தெரிந்த மெக்கானிக் ஒருவர் புது ஒயர் வைத்து சால்டர் செய்து கொடுத்தார், கேம் துப்பாக்கியை அடையாளம் கண்டுகொண்டது, ஆனால் எங்கே சுட்டாலும் குறி விலகித்தான் விழுகிறது. உள்ளே வேறு எதையோ நோண்டியிருக்கிறார்கள்.

வாங்குவதாக இருந்தால் கேபிளின் இரண்டு முனைகளும் தெரிகிற மாதிரி போட்டோ கேளுங்கள். அப்புறம், டப்பா டிவியில் குறி சரிசெய்யும் திரையில் ஆரம்பித்து முதல் இரண்டு எதிரிகளைச் சுடும் வரை வெட்டாத வீடியோ கேளுங்கள். மஞ்சள் ஒயரே இல்லாத, கொனாமி என்ற வேறு நிறுவனத்தின் வகைத் துப்பாக்கியையும் "பிளேஸ்டேஷன் கன்" என்று தள்ளிவிடுகிறார்கள், டைம் கிரைசிஸ் அதை ஏற்காது. யுஎஸ்பி பிளக் உள்ள கன்கான் 2 பிளேஸ்டேஷன் 2-க்கானது, அது பிளேஸ்டேஷன் 1-இல் நுழையவே நுழையாது.

நேற்று பார்த்தேன், அதே ஆள் இன்னொரு துப்பாக்கியை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். அந்தப் படத்திலும் கேபிளின் முனை தெரியவில்லை.