ஒன்பது கேள்விகள்: சூதாட்டச் சுயமதிப்பீட்டு வினாத்தாள்

சூதாட்டம் ஒருவரின் வாழ்க்கையை எந்த அளவுக்குப் பாதித்திருக்கிறது என்று அறிய, கனடாவில் ஃபெரிஸ், வின் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட பி.ஜி.எஸ்.ஐ. வினாத்தாளை, ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தை இழந்துகொண்டிருந்த என் தம்பியோடு அமர்ந்து நிரப்பிப் பார்த்தேன். கட்டணம் கிடையாது, ஐந்து நிமிடம் போதும். கடந்த 12 மாதங்களைப் பற்றிய 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 8ஐ எட்டினால் சிக்கல் முற்றிவிட்டது என்று பொருள்.

விட்ட பணத்தைப் பிடிக்க இன்னொரு நாள் திரும்பிப் போனீர்களா, ஆடுவதற்குக் கடன் வாங்கினீர்களா என்பவற்றுக்குத் தயங்காமல் பதில் எழுதியவன், மன அழுத்தம், பதற்றம் உள்ளிட்ட உடல்நலக் கேடு வந்ததா என்ற கேள்வியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அவன் தூங்காமல் கழித்த இரவுகளுக்கு வேலைப்பளுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். பணத்தோடு நிற்காமல் உடல்நலத்தையும் குற்றவுணர்ச்சியையும் பிறரின் கண்டனத்தையும் சேர்த்துக் கேட்பதே இதன் பெரும்பலம்.

தனிமை, மது, வேலையின்மை போன்ற தூண்டுதல்களை இது தொடுவதில்லை. அவற்றை மனநல ஆலோசகர்தான் கேட்டறிய வேண்டும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன்.