சிவப்பு வட்ட டைமர்: எந்தப் பிள்ளைக்கு வாங்கலாம், எந்தப் பிள்ளைக்கு வேண்டாம்

கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களின் மேசையில் அடிக்கடி தென்படும் ‘டைம் டைமர்’, அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1994-இல் ஓர் அம்மா தன் சின்ன மகளுக்காக உருவாக்கியது. வெள்ளை முகப்பு, அதில் ஒரு சிவப்புத் தகடு. நடுக் குமிழை இடப்பக்கமாகத் திருப்பி, வேண்டிய நிமிடத்தில் விட்டால் போதும். நேரம் போகப் போகச் சிவப்பு சுருங்கும். மணி பார்க்கத் திணறும் டிஸ்கால்குலியா (எண்களைப் புரிந்துகொள்வதில் உள்ள கற்றல் குறைபாடு) பிள்ளைக்குக்கூட எவ்வளவு மிச்சம் என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். கருவியாக இது அருமை. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி வைத்தால் கெடுதல்தான்.

“எப்ப மிஸ் முடியும்?” என்று நிமிடத்துக்கொரு தரம் கேட்கும் பிள்ளைக்கு, முடிவு தெரியாததுதான் தவிப்பு. சிவப்பைப் பார்த்ததும் அது அடங்கி, கவனம் வேலைக்குத் திரும்பும். “என்னால முடிக்க முடியாது” என்று பயப்படும் பிள்ளைக்கோ அதே சிவப்பு மிரட்டல். ஒரு வரி படித்ததும் கண் டைமருக்குப் போகும், திரும்பி வரும்போது விரல் வரியை விட்டிருக்கும், மறுபடி முதலிலிருந்து. ஒரு வேலையைச் செய்யும்போதே விவரங்களை மனத்தில் பிடித்துவைக்கும் செயல்நினைவில் பயம் இடம் பிடித்துக்கொள்வதால் வருவது இது. கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வொன்றில், எழுத்துகளை மனத்தில் வைத்துக்கொண்டே இனமாற்றக் கூட்டல் (பத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் கூட்டல்) செய்தபோது, கணக்குப் பயம் அதிகமுள்ளவர்களுக்குத்தான் பிழை வெகுவாகக் கூடியது. டிஸ்லெக்சியா (வாசிப்பதில் உள்ள கற்றல் குறைபாடு) பிள்ளைக்கு எழுத்தைக் கூட்டிப் படிக்கவே அந்த நினைவு முழுக்க வேண்டும்.

பழக்கும்போது முதல் வாரம் விளையாட்டுக்கும் இடைவேளைக்கும் மட்டும் வையுங்கள். பிறகு, பிள்ளை 3 நிமிடத்தில் முடிக்கும் வேலைக்கு 5 நிமிடம் வையுங்கள். சிவப்பு மிச்சமிருக்கும்போதே முடித்துவிட்ட நிம்மதி பழகிய பிறகுதான் நேரத்தைக் கூட்டலாம். புத்தகத்துக்கு நேர் எதிரே வேண்டாம். பக்கவாட்டில், கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒலியை அணைத்துவிடுங்கள். திடுக்கிட்ட பிள்ளையை மறுபடி உட்காரவைப்பது பெரும்பாடு. வாய்விட்டுப் படிக்கும்போது டைமர் கூடவே கூடாது. சிவப்பு தீர்ந்த பிறகு “இன்னும் ஒரு பக்கம்” என்று சொல்லிவிட்டால், மறுநாள் முதல் பிள்ளை டைமரை நம்பாது.

5 நிமிடம் என்பது 60 நிமிட வட்டத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். 3 அங்குல டைமரில் அது தூரத்திலிருந்து தெரியாது. ஒரே பிள்ளையின் மேசைக்கு அது போதும், குழுவுக்கு 8 அங்குலம் வேண்டும். மலிவான நகல்களில் சாவி முடுக்கும் வகையைத் தவிருங்கள்: டிக் டிக் ஓசையே கவனத்தைத் தின்றுவிடும். எதை வாங்கினாலும் 5 நிமிடம் வைத்து, போன் ஸ்டாப்வாட்சோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொதுத்தேர்வுப் பயிற்சிக்கு இது சரிவராது. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு சி.பி.எஸ்.இ. மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருவதால் 3 மணி நேரத் தாள் 4 மணி நேரமாகும். இந்த வட்டமோ 60 நிமிடத்தோடு முடிந்துவிடும்.

பயப்படும் பிள்ளைக்கு நேரத்தைக் காட்டாமல் வேலையைக் காட்டுங்கள். ஐந்து கணக்கை ஐந்து அட்டையில் எழுதி அடுக்குங்கள். முடிக்க முடிக்க அட்டையைப் பிள்ளையே எடுத்துப் பெட்டியில் போடட்டும். டைமரை அதற்குப் பிறகு வரும் இடைவேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.